ஏழாவது ராஜினாமா

ஓசூர்
2-2-2026

மாதேஸ்வரன் சாருக்கு,

டெஸ்பாட்ச் செக்‌ஷன் சுஜாதா எழுதுகிறேன். நலமா என்று கேட்டு ஆரம்பிப்பதுதான் முறை. ஆனால் பதினெட்டு வருடம் பக்கத்து அறையில் வேலை பார்த்துவிட்டு, போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் போனவரிடம் அதைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் நம்பருக்கு நாற்பத்தொரு தடவை போட்டுப் பார்த்தாயிற்று. உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் சலிக்காமல் சொல்கிறாள். கேட் செக்யூரிட்டி நாராயணப்பன்தான், உங்கள் மச்சான் திம்மராயன் நாகரசம்பட்டியில் மாந்தோப்பு வைத்திருக்கிறார், அங்கேதான் இருப்பீர்கள் என்று விலாசம் கொடுத்தார். மெயில் அனுப்புகிற புரோகிராம் எழுதியவருக்கே தபால் தலை ஒட்டிக் கடிதம் போட வேண்டியிருக்கிறது. போஸ்ட் ஆபீஸ் வரிசையில் நிற்கும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நீங்கள் எழுதி வைத்த 'தூதன்' புரோகிராம் மார்ச் 31-ம் தேதியோடு நின்றுவிடுமாம். அது உள்ளே நுழைகிற பழைய வழியை மெயில் கம்பெனிக்காரன் மூடப் போகிறான். லாரி இங்கே கிளம்பும்போது தூதன் அங்கே மெயில் போட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அத்திப்பள்ளி தாண்டி இருக்கிற கஸ்டமர் கேட்டில் உள்ளே விடமாட்டார்கள். போன வாரம் அரை நாள் தூதன் படுத்துவிட்டது. டிரைவர் முனிராஜ் அங்கிருந்து போன் செய்து, "மேடம், மெயில் பந்தில்ல, காடி சைடுக்கு ஹாக்குன்னுட்டான் வாச்மேன். காலையிலர்ந்து சைடுலயே கீறேன்" என்று பாதி கன்னடத்தில் புலம்பினார். மெயில் வரவில்லை, வண்டியை ஓரம்கட்டு என்றானாம். நாம் அனுப்பிய பிரேக் ஹோஸ் குழாய் நாலாயிரத்தோடு அவர் சாயங்காலம்வரை வெயிலில் காய்ந்தார்.

பெங்களூரிலிருந்து நிபுணர்கள் மூன்று பேர் மறுபடியும் வந்தார்கள். தூதன் ஓடுகிற பழைய கம்ப்யூட்டரோடு நின்று ஆளுக்கொரு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். பிறகு திறந்து பார்த்தார்கள். முதல் வரியிலேயே 'இதைத் தொடாதே. தொட்டால் நீயே பார்த்துக்கொள்' என்று எழுதியிருக்கிறதாம். முதல் பக்கத்துக்கு மேல் போக பாஸ்வேர்டு கேட்கிறது.

அந்த முதல் பக்கத்தில் என் பெயரில் ஒரு பகுதி இருக்கிறது. 'சுஜாதா' என்ற அது எட்டு நொடி சும்மா இருந்துவிட்டு, கேட்ட கேள்வியையே மறுபடியும் கேட்கும் என்று நிபுணர் எல்லோர் முன்னாலும் விளக்கினார். என்னைப் பற்றி உங்கள் கணிப்பு இதுதானா சார்?

பாஸ்வேர்டை எழுதி அனுப்புங்கள். இல்லையென்றால் வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
சுஜாதா


நாகரசம்பட்டி
7-2-2026

மதிப்பிற்குரிய சுஜாதா மேடம் அவர்களுக்கு,

தங்கள் 2-2-2026 தேதியிட்ட கடிதம் கிடைத்தது. எதுவானாலும் எழுத்தில் தரவும் என்று பதினெட்டு வருடம் கேட்டேன். நான் போன பிறகாவது ஒருவர் தந்தது மகிழ்ச்சி. பதில்கள் வரிசைப்படி:

ஒன்று. கம்பெனி சிம் கம்பெனியில் இருக்கிறது. நான் எடுத்து வந்த கீபோர்டு என் சொந்தக் காசு. வேறு பொருள் எதுவும் என்னிடம் இல்லை.

இரண்டு. சொல்லாமல் போனேன் என்பது பொய். டிசம்பர் 19, வெள்ளிக்கிழமை, காலை 11.42-க்கு பிளாண்ட் மேனேஜர் இளம்பரிதி சாருக்கு முறைப்படி ராஜினாமா மெயில் அனுப்பினேன். 'ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று பதில் வந்தது. எவ்வளவு நேரத்தில் என்று கேளுங்கள். எட்டு நொடியில். பதினெட்டு வருடத்துக்கு எட்டு நொடி. படித்திருக்கக்கூட மாட்டார்.

மூன்று. ஏன் எழுதினேன் என்று கேட்பீர்கள். அதற்கு இரண்டு நாள் முன்பு மீட்டிங்கில் அந்த நிபுணர்கள் திரையில் என் தூதனைப் போட்டு, மேலே சிவப்பில் 'அன்சப்போர்ட்டட்' என்று எழுதிக் காட்டினார்கள். நான் பயன்படுத்திய வழியைப் பற்றி மெயில் கம்பெனி தன் புத்தகத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. 2008-லேயே எனக்குத் தெரியும். அப்போதே அவர்களுக்கு எழுதிக் கேட்டேன். 'அது ஓடலாம். ஆனால் ஓடும் என்று நாங்கள் சொன்னதாகச் சொல்லாதே' என்று ஒரு அமெரிக்கர் பதில் போட்டார். அன்சப்போர்ட்டட் என்றால் ஓடாது என்று அர்த்தமில்லை மேடம். விழுந்தால் தூக்கிவிட ஆள் வராது என்று அர்த்தம். நான் விழவிடவில்லை. அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்து இளம்பரிதி சார் தலையாட்டினார். அதுதான் காரணம்.

நான்கு. நான் ராஜினாமா எழுதுவது புதிதல்ல என்று எல்லோருக்கும் தெரியும். இதற்கு முன் ஆறு தடவை எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் சார் கூப்பிட்டு உட்கார வைத்து, கேண்டீனிலிருந்து பாதாம் பால் வரவழைத்து, என் எதிரிலேயே காகிதத்தை நாலாகக் கிழிப்பார். எனக்கு நீள்சேவை விருது என்று இந்தக் கம்பெனி எதுவும் கொடுத்ததில்லை. அந்தக் கிழியும் சத்தம்தான் எனக்கு விருது. மெயிலில் அனுப்பியது இதுதான் முதல் தடவை. அவர் சென்னையில் இருந்தார், என்ன செய்ய.

அடுத்தது எத்தனையாவது என்று மறந்துவிட்டது. உங்கள் பெயரில் உள்ள பகுதி பற்றி நிபுணர் சொன்னது சரி. ஆனால் அது கேலி இல்லை. காரணத்தை இப்போது சொல்லும் மனநிலையில் நான் இல்லை.

பாஸ்வேர்டு தருவதற்கில்லை. என்னை ஏற்றுக்கொண்டவர் தூதனையும் எட்டு நொடியில் சரி செய்துகொள்ளட்டும்.

இங்ஙனம்,
கே. மாதேஸ்வரன்


ஓசூர்
12-2-2026

மாதேஸ்வரன் சாருக்கு,

உங்கள் கடிதத்தைக் கேண்டீனில் உட்கார்ந்து படித்தேன். நாலாவது பாராவில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாம்பாரில் காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

நேராக இளம்பரிதி சார் அறைக்குப் போனேன். உங்கள் கடிதத்தைக் காட்டவில்லை, பயப்படாதீர்கள். மாதேஸ்வரன் சார் ராஜினாமாவை நீங்கள் ஏற்றுக்கொண்டீர்களா என்று மட்டும் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"எந்த ராஜினாமாம்மா? ஆறு தடவ எழுதிக் குடுத்தாரு, ஆறு தடவயும் கிழிச்சேன். ஏழாவது தடவ எழுதாமயே போயிட்டாரு. எழுதிக் குடுக்கிற மரியாதகூட எனக்கு இல்லயா?"

இதுதான் அவர் சொன்னது, ஒரு எழுத்து கூட்டாமல் எழுதியிருக்கிறேன். நீங்கள் இரண்டு மாதமாக அவர்மேல் கோபமாக இருக்கிறீர்கள். அவர் இரண்டு மாதமாக உங்கள்மேல் கோபமாக இருக்கிறார். நடுவில் லாரி நிற்கிறது. மாமியாரும் மருமகளும்கூட ஒரு மாதத்துக்குள் சண்டை எதற்கென்று பேசித் தெரிந்துகொள்வார்கள் சார்.

அவர் ஏற்கவில்லை. உங்கள் மெயிலே அவரிடம் வரவில்லை. அப்படியானால் உங்களுக்கு வந்த பதில் என்ன? கோபத்தில் எதையாவது மாற்றிப் படித்தீர்களா? அந்தப் பதில் கையில் இருந்தால் ஒரு பிரதி அனுப்புங்கள், பார்ப்போம். எனக்கு எதுவும் தெரியாது. அன்றைக்கு நான் லீவு. நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு, சேலத்தில் இருந்தேன்.

எப்படியும் பாஸ்வேர்டை அனுப்புங்கள். இன்னும் நாற்பத்தேழு நாள்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
சுஜாதா


நாகரசம்பட்டி
16-2-2026

சுஜாதா மேடம் அவர்களுக்கு,

பிரதி இணைத்திருக்கிறேன். அன்றே பிரிண்ட் எடுத்து டிபன் கேரியரில் வைத்துக் கொண்டுவந்தேன். கொஞ்சம் ரசம் பட்டிருக்கிறது, எழுத்து தெரியும்.

அடியில் பொடி எழுத்தைப் பாருங்கள். எந்த மெஷினிலிருந்து பதில் போனது என்று தூதன் குறித்து வைக்கும், நான்தான் அப்படி எழுதினேன். அது இளம்பரிதி சார் மெஷின் இல்லை. உங்கள் டெஸ்பாட்ச் அறை மெஷின்.

உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு மூன்று நாள் யோசித்தேன். மாமரத்துக்குத் தத்துப்பூச்சி மருந்து அடிக்கும்போதும் யோசித்தேன். அதில் ஒரு வரிசை மரம் விட்டுப்போய்விட்டது. திம்மராயன், "உன்ன யாரு அனுப்புனான்னு தெரிஞ்சிக்கினு இன்னா பண்ணப் போற மாமா? டிரம்மப் புடி" என்கிறான். அவனுக்குப் புரியாது.

2016-ல் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? லீவு, கேட் பாஸ், அது இது என்று எல்லா விண்ணப்பமும் தன் மெயிலுக்கு வந்து குவிகிறது என்று சார் அலுத்துக்கொண்டார். எப்போதும் இருக்கையில் இருக்கிற ஒரே ஆள் சுஜாதா மேடம்தான், அவரிடம் திருப்பிவிடு என்றார். திருப்பிவிட்டேன். யாராவது சாருக்கு விண்ணப்பம் அனுப்பினால் தூதன் 'ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று ஒரு பதிலைத் தயார் செய்து வைத்துக்கொள்ளும். உடனே உங்கள் திரையில் அந்தப் பெட்டி எழும்பும். 'உங்கள் பெயரில் ஒரு புரோகிராம் மெயில் அனுப்பப் பார்க்கிறது, அனுமதிக்கலாமா' என்று நாளைக்கு முந்நூறு தடவை எழும்புமே, அதே பெட்டிதான். நீங்கள் படித்துப் பார்த்து ஆமாம் அமுக்கினால் பதில் போகும். இல்லை அமுக்கினால் விண்ணப்பம் சாருக்குப் போகும். சந்தேகமானவற்றை நீங்கள் சாருக்கு அனுப்பிவிடுவீர்கள்.

என் ராஜினாமா சாருக்குப் போகவில்லை. அப்படியென்றால் உங்கள் அறையில் ஆமாம் அமுக்கப்பட்டிருக்கிறது.

நீங்கள் சேலத்தில் இருந்தீர்கள் என்கிறீர்கள். அறைச் சாவி உங்கள் கைப்பையில்தான் இருக்கும். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை மேடம். தெரியாமல் கேட்கிறேன், நீங்களா? இளம்பரிதி சார் என்று நினைத்தபோது கோபம்தான் வந்தது. நீங்களாக இருக்கலாம் என்று நினைத்த பிறகு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. என் மனைவி மங்கம்மா எனக்கு மஞ்சள் காமாலையோ என்று கண்ணை இழுத்துப் பார்க்கிறாள்.

கே. மாதேஸ்வரன்


ஓசூர்
21-2-2026

மாதேஸ்வரன் சாருக்கு,

நான் இல்லை. ஆனால் நான்தான். பொறுமையாகப் படியுங்கள்.

போன வருடம் ஜூலையில் என் வலது ஆள்காட்டி விரல் வீங்கிவிட்டது. மடக்க முடியவில்லை. டாக்டர் என்ன வேலை என்று கேட்டார். நாள் முழுக்க ஆமாம் சொல்கிற வேலை என்றேன். "எல்லா வீட்லயும் அதானேம்மா" என்று சொல்லிவிட்டு, விரலுக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார். அந்தப் பெட்டி எழும்பாமல் செய்ய முடியாதா என்று உங்களிடம் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்? மெயில் கம்பெனி பாதுகாப்புக்கு வைத்தது, எடுக்க முடியாது என்றீர்கள். கட்டுப்போட்ட விரலோடு உங்கள் முன்னால் ஒரு வாரம் டீ குடித்தேன். என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கவில்லை. எனக்கு அது ரொம்ப வலித்தது சார், விரலைவிட.

கேட்டவர் டூல்ரூம் பரமசிவம் அண்ணாச்சி. "சொல்லக் கூடாதா தாயி, ஒண்ணு செஞ்சு தாரேன்" என்றார். இரண்டே நாளில் செய்துவிட்டார். ஒரு சின்ன ஏர் சிலிண்டர், ஒரு டைமர், நுனியில் பிரேக் ஹோஸ் ரப்பர். கீபோர்டுமேல் நிறுத்தி வைத்தால் எட்டு நொடிக்கு ஒரு தடவை 'புஸ்' என்று இறங்கி, ஆமாமுக்கு உரிய 'ஒய்' எழுத்தை அமுக்கிவிட்டு மேலே போகும். முதலில் மூன்று நொடிக்கு வைத்தார். பெட்டி எழும்பியதும் ஐந்து நொடிக்கு ஆமாம் மங்கலாகவே இருக்கும் இல்லையா, அது வேலை செய்யவில்லை. எட்டில் சரியாக உட்கார்ந்தது. ஆயுத பூஜைக்குச் சந்தனம் பூசிப் பொட்டு வைத்தோம். டூல்ரூமில் அதற்கு 'ஆமாம் சாமி' என்று பெயர்.

சத்தியமாக முதலில் சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும்தான். விண்ணப்பங்களை நானே படித்துத்தான் அமுக்கினேன். பிறகு காலை நெரிசலுக்கும் வைத்தேன். பிறகு எழுந்து போகும்போதெல்லாம். சுகம் கண்டுவிட்டேன். டிசம்பர் 19-ம் தேதி நாள் முழுக்க ஓடட்டும் என்று விட்டு, அறையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வளைகாப்புக்குப் போனேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று பழைய பதிவுகளைத் திறந்து பார்த்தேன். ஆமாம் சாமி ஒரே நாளில் அசெம்பிளிப் பிரிவில் பதினான்கு பேருக்கு லீவு கொடுத்திருக்கிறது. கேண்டீனில் புதன்கிழமை பாயசம் அதன் உத்தரவு. நாலு வருடமாக நடக்காத டூல்ரூம் ஃபேன், அதுவும் அதன் உபயம்தான். அண்ணாச்சியே விண்ணப்பம் போட்டு, தான் செய்த சிலிண்டரிடமே அனுமதி வாங்கியிருக்கிறார், அவருக்கே தெரியாது. அந்த வரிசையில் பதினோராவதாக நீங்கள் இருக்கிறீர்கள்.

உங்களை ஏற்றுக்கொண்டது ஒரு காற்று சிலிண்டர் சார்.

சாருக்கு இன்னும் தெரியாது. தெரிந்தால் என் வேலை போகும். அண்ணாச்சிக்கு ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம், அவருடையதும் போகும். இந்தக் கடிதத்தை நீங்கள் சாரிடம் காட்டினால் உங்கள் வேலை உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். காட்டுங்கள். நான் குறை சொல்லமாட்டேன். சிலிண்டரைக் கழற்றி பீரோவில் வைத்துவிட்டேன். இப்போது இடது கையால் அமுக்குகிறேன்.

சுஜாதா


நாகரசம்பட்டி
26-2-2026

சுஜாதா மேடம்,

உங்கள் கடிதத்தை ஐந்து முறை படித்தேன். முதல் தடவை கோபம். இரண்டாவது தடவை சிரிப்பு வந்து தோப்பில் உட்கார்ந்துவிட்டேன், திம்மராயன் மருந்து மூக்கில் ஏறிவிட்டதென்று மோர் கொண்டுவந்தான். மூன்றாவது தடவை படித்தபோது விரல் விஷயத்தில் கண் நின்றுவிட்டது.

கட்டைப் பார்த்தேன். கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதை எழுத்தில் தருகிறேன்.

ஒன்று. அந்தப் பெட்டியை எடுக்க முடியாது என்று நான் சொன்னது பொய். 2012-லேயே வழி தெரியும். சின்னதாக ஒன்றைச் சேர்த்தால் போதும், பெட்டி எழும்பவே எழும்பாது. அப்போதுதான் அன்றைய மேனேஜர் என்னிடம் கேட்டார்: மெயில் தானாகவே போனால் டெஸ்பாட்ச் மேஜைக்கு ஆள் எதற்கு? பெட்டி எழும்பும், அமுக்க ஆள் வேண்டும், இது மெயில் கம்பெனி சட்டம் என்று சொல்லிவிட்டேன். உங்கள் நாற்காலியைக் காப்பாற்றிவிட்டதாக எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். நாற்காலியைக் காப்பாற்றும்போது விரலைக் கேட்கவில்லை. கட்டைப் பார்த்ததும் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தது, அதனால்தான் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு. இது கொஞ்சம் கஷ்டம். முதல் காரணம் உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. பெட்டி எழும்பும்வரைதான் மேடம் யாராவது என் அறைக்கு வந்து தூதனைப் பற்றிக் கேட்பார்கள். எல்லாம் தானாக ஓடினால் அதை எழுதியவன் ஒருவன் இருந்தான் என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்?

மூன்று. உங்கள் பெயரில் உள்ள பகுதி. பழைய வழி அவசரப்படுத்தினால் கோபித்துக்கொண்டு படுத்துவிடும். ஒவ்வொரு மெயிலுக்கும் நடுவே காத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்று தெரியாமல் திணறினேன். அப்போது நீங்கள் அமுக்குவதைக் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். மங்கலான ஐந்து நொடி போக உங்களுக்கு மூன்று நொடி ஆனது. மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அமுக்குவார்கள். நீங்கள் ஒவ்வொன்றையும் படித்தீர்கள். அந்த எட்டு நொடியை அப்படியே எழுதி உங்கள் பெயரை வைத்தேன். இந்தப் பதினெட்டு வருடத்தில் தூதன் விழாமல் நின்றதற்குக் காரணம் அந்த ஒரு பகுதிதான்.

அண்ணாச்சியும் கடைசியில் எட்டில்தான் வந்து நின்றார் என்று படித்தபோது, ஒரு தொழில்காரனுக்கு இன்னொரு தொழில்காரன்மேல் வருகிற மரியாதை எனக்கு வந்தது. அவரிடம் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தை யாரிடமும் காட்டமாட்டேன். நீங்களும் சொல்லாதீர்கள். எனக்கு வேறு யோசனை இருக்கிறது. நான் எழுதாமலே போய்விட்டேன் என்பதுதானே சாரின் வருத்தம்? ஒரு நல்ல வெள்ளைத்தாளில் ராஜினாமா எழுதி, அவருக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன். டிசம்பர் 19 தேதியே போடுகிறேன். வேலைக்குத் திரும்பி வர எனக்குத் தெரிந்த வழி ராஜினாமா செய்வது ஒன்றுதான். இதுவரை ஆறு தடவை வேலை செய்திருக்கிறது.

கிழிப்பாரா என்று தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. கிழிக்காவிட்டால் பாஸ்வேர்டை உங்களுக்கு எழுதி அனுப்பிவிட்டுத் திம்மராயனோடு டிரம் பிடிக்கிறேன்.

விரலுக்கு வெந்நீரில் கல்லுப்பு போட்டு ஒற்றடம் கொடுங்கள்.

மாதேஸ்வரன்


ஓசூர்
5-3-2026

மாதேஸ்வரன் சாருக்கு,

சொல்லாதீர்கள் என்று எழுதினீர்கள். திங்கட்கிழமை காலையே சொல்லிவிட்டேன். நீங்கள் செய்யாத தப்புக்கு நீங்கள் ஒரு பொய்த் தேதி போட்டு எழுதி, நான் பீரோவைப் பூட்டிக்கொண்டு சும்மா இருப்பதா? இரவெல்லாம் யோசித்தேன், முடியவில்லை. அண்ணாச்சியும் கூடவே வந்தார். செய்தவன் நான், நானும் நிற்பேன் என்றார்.

சார் முழுவதையும் கேட்டார். அந்தச் சிலிண்டரைப் பொருத்திக் காட்டச் சொன்னார். அண்ணாச்சி பொருத்தினார். சார் என் நாற்காலியில் உட்கார்ந்து பத்து நிமிடம் அது 'புஸ் புஸ்' என்று ஆமாம் சொல்வதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அது கொடுத்த அனுமதிகளின் பட்டியலைக் கேட்டார். ஒவ்வொன்றாக வாசித்தேன். பாயசத்தில் ஒரு தடவை, ஃபேனில் ஒரு தடவை தலை நிமிர்ந்தார். பதினான்கு பேர் லீவு எடுத்த நாளில் எவ்வளவு உற்பத்தி என்று கேட்டார். வழக்கத்தைவிட இருபது பீஸ்தான் குறைவு.

"அஞ்சு மாசமா பிளாண்ட் அமைதியா இருக்கு, நான் நல்லா நடத்துறேன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றார். சிலிண்டரைக் காட்டி, "எனக்குப் பதிலா இது மேனேஜரா இருந்திருக்கு. ஃபேன் குடுத்திருக்கு, பாயசம் குடுத்திருக்கு, ஒண்ணும் கெட்டுப்போகல. பண்ணின தப்பு ஒண்ணே ஒண்ணுதான். மாதேஸ்வரன விட்டுடுச்சு" என்றார்.

எனக்குத் தாங்கவில்லை. அங்கேயே அழுதுவிட்டேன். அண்ணாச்சி எதற்கோ ஸ்பேனரைத் துடைத்தார்.

அண்ணாச்சிக்கு மெமோ கிடைத்தது. அதிலேயே கடைசி வரியில் வடிவமைப்பு நன்று என்று எழுதியிருக்கிறார். எனக்கும் ஒரு மெமோ. இனிமேல் விண்ணப்பமெல்லாம் நேராக அவரிடமே போக வேண்டும் என்று உத்தரவு. டெஸ்பாட்ச் மேஜைக்கு ஆள் வேண்டுமா என்ற கேள்வியே வரவில்லை. பதினெட்டு வருடம் படித்து அமுக்கிய ஆள் ஒரு நாள் லீவில் போனதும் என்ன ஆனது என்று பார்த்தாயிற்றே என்றார். உங்கள் 2012 பொய்யை நான் சொல்லவில்லை, அது உங்கள் பாடு.

உங்கள் ரிஜிஸ்டர் தபால் நேற்று வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கினார். நின்றுகொண்டே திரும்பத் திரும்பப் படித்தார். கிழிக்கப் போகிறார் என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். கிழிக்கவில்லை. "இங்க கிழிச்சா அங்க அவருக்கு எப்படிம்மா கேக்கும்?" என்று என்னைக் கேட்டுவிட்டு, பேனாவை எடுத்து அதன்மேலேயே ஏதோ எழுதி, உறையில் போட்டு ஒட்டி என்னிடம் கொடுத்தார். நான் பிரித்துப் பார்க்கவில்லை. இத்துடன் வைத்திருக்கிறேன்.

இன்னும் இருபத்தாறு நாள். பழைய வழியை எடுத்துவிட்டுப் புது வழியில் எழுத அது போதுமா என்று நிபுணர்களைக் கேட்டதற்கு மூன்று மாதம் ஆகும் என்றார்கள். நான் உங்களைக் கேட்கிறேன்.

சுஜாதா


நாகரசம்பட்டி
7-3-2026

சுஜாதா மேடம்,

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வருமுன் நானே வந்துவிடுவேன். ஆனாலும் எழுத்தில் இருக்கட்டும் என்று எழுதுகிறேன். இந்த முறை எண் போடவில்லை.

இருபத்தாறு நாள் தாராளம். புது வழியில் பெட்டி கிடையாது. மெயில் கம்பெனியே ஆதரிக்கிற வழி, புத்தகத்தில் தைரியமாக எழுதியிருக்கிறான். விழுந்தால் அவனைக் கூப்பிடலாம். எனக்கு அதுதான் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. பதினெட்டு வருடம் திருட்டுத்தனமாக வந்து போன வீட்டுக்கு முன்வாசல் வழியாகப் போகப் போகிறேன். 2012 விஷயத்தை முதல் நாளே சாரிடம் நானே சொல்லிவிடுகிறேன்.

உறையைத் தோப்பில் நின்று பிரித்தேன். என் எழுத்துக்குக் குறுக்கே, பச்சை மையில், பெரிதாக ஒரே வார்த்தை: 'ஏற்கவில்லை'. கீழே கையெழுத்து, தேதி, நேரம். நேரத்தைக்கூடப் போட்டிருக்கிறார் மேடம். தபால் கையில் கிடைத்தது பத்து மணி என்று நீங்கள் சொல்லாவிட்டாலும் எனக்குத் திரும்பி வந்த ரசீதில் இருக்கிறது. அவர் எழுதிய நேரம் பத்து இருபத்தைந்து. இருபத்தைந்து நிமிடம் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

அழுகை வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. திம்மராயன் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, "மாமா, மருந்து கண்ணுல பட்டுகிச்சா?" என்று குடத்தோடு ஓடிவந்தான். ஆமாம் என்று சொல்லிவிட்டுக் கண்ணைக் கழுவிக்கொண்டேன். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன்.

மாதேஸ்வரன்